மோதுவதற்காகவே பறந்த விமானம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் அறிவியல் துணுக்குகளில், 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்கு எஞ்சின்கள் கொண்ட பயணிகள் விமானம் ஒன்றை ஆளில்லாமல் பறக்கவிட்டு, வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தோம். அந்த நான்கு வரிக்குக் கோபியிலிருந்து கரூர் வரை கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அவ்வளவு பெரிய விமானத்தை ஆளே இல்லாமல் பறக்கவிட்டார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. திரைப்படத்துக்காக எடுத்த காட்சியை உண்மை என்று யாராவது பரப்பிவிட்டிருப்பார்களோ?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, ஐயம் நியாயமானதுதான், ஆனால் நிகழ்ந்தது உண்மை. நாசாவும் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து, 1984 டிசம்பர் 1 அன்று, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தை ஒட்டியுள்ள ரோஜர்ஸ் வறண்ட ஏரியில் இந்தச் சோதனையை நடத்தின. விமானம் போயிங் 720. அந்த நிர்வாகமே வாங்கிப் பல ஆண்டுகள் பயிற்சிக்குப் பயன்படுத்தி, 20,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்து, 54,000 முறைக்கும் மேல் ஏறி இறங்கி ஆயுள் முடிந்துபோன விமானம் அது. எப்படியும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதைக் கடைசியாக ஒரு முறை பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒரே நாளில் துணிந்து செய்த காரியம் அன்று. ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆயத்தம். அதற்கு முந்தைய 14 பறத்தல்களில் விமானிகள் விமானத்துக்குள்ளேயே அமர்ந்திருக்க, தரையில் இருந்த விமானி அதை இயக்கிப் பார்த்தார்: தரையிலிருந்தே 10 முறை மேலேற்றி, 13 முறை இறக்கி, மோத வேண்டிய இடத்தை நோக்கி 69 முறை தாழ்ந்துவந்து திரும்பியிருக்கிறார்கள். ஏதேனும் பிசகினால் உள்ளே இருப்பவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம். கடைசி நாளன்று மட்டும் உள்ளே மனிதர் எவரும் இல்லை. இருக்கைகளில் பொம்மைகள் மட்டுமே இருந்தன. மறுநாள் நள்ளிரவில் போபாலில் விஷவாயு கசிந்தது. அந்த வாரத்தில் நம் நாளேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் பாலைவனத்தில் உடைந்த ஒரு பழைய விமானம் படாமல் போயிருந்தால் வியப்பில்லை.

கேள்வி: விமான எண்ணெயில் எதையோ கலந்து தீப்பிடிக்காமல் செய்யப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்களுங்க. தீப்பிடிக்காத எண்ணெயில் எஞ்சின் எப்படி ஓடும்?
மஞ்சள் விவசாயி, அந்தியூர்

பதில்: கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஜெட் விமானங்கள் குடிப்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அது தட்டில் கிடக்கும் வரை அவ்வளவு எளிதில் பற்றாது. பனித்துளி போலச் சிதறினால்தான் ஆபத்து. உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது தெளிப்பானின் முனையைத் திருகினால் அதே மருந்து தாரையாகவும் வரும், புகைபோலவும் வரும் அல்லவா? மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் தரையில் சறுக்கும் விமானத்தின் இறக்கை கிழியும்போது, உள்ளிருக்கும் எரிபொருளைக் காற்று அந்தப் புகைநிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஒரு பொறி போதும், விமானமே தீக்கோளத்துக்குள் போய்விடும். மோதலில் எலும்பு முறிந்தாலும் உயிர் பிழைத்திருக்கக்கூடிய பலர், அடுத்த ஓரிரு நிமிடங்களில் தீயாலும் புகையாலும் மாண்டுபோவது இதனால்தான்.

எனவே எரிபொருளை எரியவிடாமல் செய்வதன்று, அதைப் புகையாகச் சிதறவிடாமல் செய்வதே அவர்கள் நோக்கம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் எஃப்.எம்.-9 என்ற பாலிமரை உருவாக்கியிருந்தது. மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளான இதை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலந்தாலே, எரிபொருள் வேகமாக இழுபடும்போது சங்கிலிகள் நீண்டு விறைத்துக்கொண்டு, நுண்துளிகளாக உடைய விடாமல் பெரிய துளிகளாகவே பிடித்துவைக்கின்றன. சிறிய அளவிலான சோதனைகளில் இது நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல், நீங்கள் கேட்ட இடத்தில்தான் வந்தது. எஞ்சினுக்குள்ளே எரிபொருள் நுண்துளியாகச் சிதறித்தான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு இந்தக் கலவை வடிகட்டிகளையும் அடைத்துவிடும். ஆகவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் முன்னால் சங்கிலிகளை நறுக்கி எரிபொருளைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் கருவி ஒன்றை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்து பொருத்தியது. கடைசிப் பறத்தலில் தொட்டிகள் அனைத்திலும் இந்தக் கலவைதான், 76,000 பவுண்டு, அதாவது 34 டன்னுக்கும் மேல். இறக்கைகள் கட்டாயம் கிழிய வேண்டும் என்பதற்காக ஓடுபாதையில் எட்டு இரும்புத் தூண்களை நட்டு, அவற்றின் தலையில் கொம்பு போன்ற வெட்டுக்கத்திகளைப் பற்றவைத்திருந்தார்கள். அந்தக் கொம்புகளைப் பார்த்து ஆய்வாளர்கள் வைத்த செல்லப்பெயர் காண்டாமிருகம்.

கேள்வி: நான் விமானவியல் பொறியியல் படிக்கிறேன். 69 முறை ஒத்திகை பார்த்தவர்கள் கடைசியில் குறிதவறியது ஏன்? தொலைக்கட்டுப்பாட்டுச் சமிக்ஞை தாமதமானதா, விமானியின் பிழையா?
கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: வந்த கடிதங்களிலேயே நுட்பமானது இது; எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

தரையில் கட்டுப்பாட்டுப் பிடியைக் கையில் வைத்திருந்தவர் ஃபிட்ஸ்ஹ்யூ ஃபுல்டன். விண்ணோடத்தை முதுகில் சுமந்து சென்ற போயிங் 747 விமானத்தை ஓட்டியவர், எக்ஸ்.பி.-70 என்னும் பெரும் அதிவேக விமானத்தையும் ஓட்டியவர். அவரைவிடத் தகுந்த ஆளை அந்த நாட்டில் தேடிப்பிடிப்பது கடினம். திட்டம் என்னவென்றால், சக்கரங்களை உள்ளிழுத்தபடியே, ஏறத்தாழ 3.8 பாகைச் சரிவில் தாழ்ந்து, 150 நாட் (மணிக்கு ஏறத்தாழ 278 கிலோமீட்டர்) வேகத்தில், இரு இறக்கைகளும் சமநிலையில் இருக்க, எஞ்சின்களின் விசையைக் குறைத்து, நடுக்கோட்டின் மீதே வயிற்றால் இறங்க வேண்டும். கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு 17 அடி. வழக்கமான தரையிறக்கத்தில் இது இரண்டு, மூன்று அடிதான். சக்கரத் தொகுதிகளை வடிவமைக்கும்போது கணக்கில் கொள்ளும் உச்சம் 10 அடி. வேகத்தின் இருமடிக்கேற்ப ஆற்றல் கூடும் என்பதை நினைவில் கொண்டால், அந்த உச்சத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அடி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். உடற்பகுதி உடையாமல் சறுக்கிப் போய்த் தூண்களுக்கு நடுவே நுழைய வேண்டும். தூண்கள் இறக்கைகளை மட்டும் கிழிக்க வேண்டும்.

மேலேறி 2,300 அடியை எட்டி, சுற்றி வந்து, ஒன்பதே நிமிடத்தில் முடிந்த பறத்தல் அது. 150 அடி உயரத்துக்குக் கீழே போனால் திரும்பக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த உயரத்தை நெருங்கும்போது விமானம் நடுக்கோட்டிலிருந்து சற்று வலப்புறம் விலகியிருந்தது. திருத்திக்கொள்ள இன்னும் உயரம் இருக்கிறது என்று தோன்றியது. திருத்த முயன்றபோது விமானம் டச்சு ரோல் என்னும் ஆட்டத்தில் விழுந்தது. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: பின்சாய்வான இறக்கை கொண்ட விமானங்களில் மூக்கு இடமும் வலமுமாக அலைய, அதற்குச் சற்றுப் பிந்தி இறக்கைகளும் மாறிமாறித் தாழ்ந்து எழும்பும். விமானத்துக்குள் அமர்ந்திருப்பவர் இந்த ஆட்டம் தொடங்கும் கணத்திலேயே உடம்பால் உணர்ந்துவிடுவார். ஃபுல்டனுக்கோ ஆடாத நாற்காலி. முன்னே ஒரு தொலைக்காட்சித் திரை. அக்காலத் தெளிவில் ஒரு படம். பக்கவாட்டில் தரை நகர்வதைக் கடைக்கண்ணால் பார்க்க வழியில்லை. ஆட்டம் திரையில் தெளிவாகத் தெரிவதற்குள் அது வளர்ந்துவிட்டிருக்கும்.

இதற்குள் பதிவுக் கருவிகள் ஓடத் தொடங்கிவிட்டன. திரும்பும் கட்டமும் கடந்துவிட்டது. இடது இறக்கை தாழ்ந்து, மூக்கு இடப்புறம் திரும்பியபடி, எஞ்சின்களின் விசை குறைக்கப்படாமலே, குறித்த இடத்துக்குச் சற்று முன்னதாக விமானம் தரையைத் தொட்டது. கோணலாகச் சறுக்கிப் போனதால் காண்டாமிருகங்களில் ஒன்று வலப்புற உள் எஞ்சினை, அதாவது மூன்றாம் எண் எஞ்சினை, அறுத்துவிட்டு உடற்பகுதிக்குள்ளும் பாய்ந்தது. அறுபட்ட எஞ்சினுக்குள் ஏற்கெனவே சங்கிலி நறுக்கப்பட்ட, அதாவது பாதுகாப்பை இழந்த எரிபொருள் இருந்தது; கொதிக்கும் உலோகமும் பக்கத்திலேயே இருந்தது. உலகமே திரும்பத் திரும்பப் பார்த்த அந்தத் தீக்கோளம் அங்கிருந்து கிளம்பியதுதான். தீயை முழுவதும் அணைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

உங்கள் கேள்விக்கு வருவோம். சமிக்ஞைத் தாமதத்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. விமானியின் மீதும் போட முடியாது. அந்தக் கடைசி நேரத்தில் ஒரே மனிதர் மீது அளவுக்கு மீறிய வேலைச்சுமை விழுந்தது என்பதே நாசாவின் முடிவு. பார்வைக்கு நேரே எண்களையும் பாதையையும் காட்டும் கண்ணாடித் திரை, இன்னும் தெளிவான படம், சில பணிகளைத் தானியங்கிக்கு விடுதல், வழக்கமான தரையிறங்கு வழிகாட்டியைவிடத் துல்லியமான ஒன்று என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். பெரிய விமானத்தைத் தொலைவிலிருந்து பறக்கவைப்பது கடினமன்று. ஓர் ஓடுபாதையின் அகலத்துக்குள், ஒரு குறித்த கோணத்தில், ஒரே முறையில் தரையைத் தொடவைப்பதுதான் கடினம்.

கேள்வி: சோதனை தோற்றுவிட்டதென்றால் செலவிட்ட பணமெல்லாம் வீண்தானே? நாங்கள் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள். மாதிரி தவறினால் கணக்குக் கேட்பார்கள்.
பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

பதில்: மொத்தச் செலவு 1.18 கோடி டாலருக்கு மேல். கணக்கை இரண்டு பேரேடுகளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எரிபொருள் ஆய்வாளர்களுக்கு அது பேரிழப்பு. எஞ்சின் அறுபட்டதும் விசை குறையாததும் சோதனையின் எல்லைக்கு வெளியே நடந்தவை என்று அவர்கள் வாதிட்டார்கள், வாதம் சரிதான். ஆனால் உண்மையான விபத்தும் எந்த எல்லைக்குள்ளும் நிற்பதாக யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லையே என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தப் பாலிமரைக் கட்டாயமாக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. அந்த யோசனை மட்டும் சாகவில்லை: 2015-இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜூலியா கோர்ன்ஃபீல்டின் குழு, பம்புகளின் வழியே போகும்போது பிரிந்து, பிறகு தாமாகவே மீண்டும் கைகோத்துக்கொள்ளும் மூலக்கூறுகளை உருவாக்கி வெளியிட்டது.

மோதலின் தாக்கத்தை அளக்க வந்த நாசா லாங்லி மையத்தினருக்கோ கை நிறையக் கிடைத்தது. கருவி பொருத்திய பொம்மைகளின் இடுப்பிலும் மார்பிலும் எத்தனை விசை விழுந்தது, தரைத்தளம் எங்கே வளைந்தது, எந்த இருக்கை பிடுங்கிக்கொண்டது என்பதெல்லாம் பதிவாயின. கேபினுக்குள் இருந்த கேமராக்கள் சொன்னது இன்னும் கூர்மையானது: விமானம் சறுக்கி நின்ற பின் முன்பகுதியில் 5 வினாடிகளிலும் பின்பகுதியில் 20 வினாடிகளிலும் எதுவும் தெரியாதபடி புகை நிறைந்துவிட்டது. 113 பேர் ஏறியிருந்தால் அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பிழைத்திருக்கலாம் என்று மதிப்பிட்டவர்களே, அந்தப் புகையில் வழி கண்டுபிடிப்பது பற்றிய தங்கள் கணக்கு வெறும் ஊகம் என்றும் எழுதிவைத்தார்கள். தரையோரம் பசையால் ஒட்டியிருந்த அவசர விளக்குகள் மோதலில் பிய்ந்துபோயின. இனி அவற்றைத் திருகாணியாலோ பிடிப்பானாலோ பொருத்த வேண்டும் என்ற பாடம் கிடைத்தது. விமானத் தரவுப் பதிவுக் கருவிகள் சாய்வையும் முடுக்கத்தையும் பதியும் இடைவெளி போதாது என்பதும் தெரிந்தது.

ஒரு திருத்தம்: இருக்கை மெத்தைகளுக்குத் தீத்தடுப்பு உறை வேண்டும் என்ற விதி இந்தச் சோதனையால் பிறந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்த விதி அதே ஆண்டு அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. சோதனை அதற்குப் பின்னர் நடந்ததுதான்.

கேள்வி: அகமதாபாத் விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் 11ஏ இருக்கைதான் வேண்டும் என்கிறார்கள். மோதல் சோதனைகள் இதைப் பற்றி ஏதாவது சொல்கின்றனவா?
இல்லத்தரசி, கரூர்

பதில்: 2025 ஜூன் 12 அன்று அந்த விமானத்தில் இருந்த 242 பேரில் உயிர் தப்பிய ஒருவர் 11ஏ-யில் இருந்தார் என்பது உண்மை. ஒரு விபத்தில் நடந்தது அடுத்த விபத்துக்கு விதியாகாது, அம்மா. 2012 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்காக மெக்சிகோவின் பாலைவனம் ஒன்றில் போயிங் 727 விமானத்தை மோதவிட்டார்கள். விமானிகள் பாராசூட்டில் குதித்துவிட, பக்கத்தில் பறந்த சிறிய விமானத்திலிருந்து அதை வானொலி வழியே இயக்கினார்கள். அங்கே மூக்குப்பகுதி முறிந்து, முன்வரிசைகள்தான் மிக மோசமாகச் சிதைந்தன. வேறு விதமாக மோதினால் வேறு பகுதி சிதையும்.

இருக்கை எண்ணைவிடப் பயன் தரும் செய்தி ஒன்றும் அதே சோதனையில் கிடைத்தது. பெல்ட் போட்டு, முன்னால் குனிந்து தலையைத் தாங்கிய நிலையில் வைத்திருந்த பொம்மை பிழைத்திருக்கும் என்று கணித்தார்கள். பெல்ட் மட்டும் போட்டு நிமிர்ந்திருந்ததற்குத் தலையில் கடுமையான காயம். இரண்டும் இல்லாதது தப்பியிருக்காது. இன்னொன்று, 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் வெளியேறினார்கள். மேலே உள்ள பையை எடுக்காமல் இறங்குங்கள் என்று பணிப்பெண் சொல்லும்போது கேட்பது, 11ஏ கேட்டு வரிசையில் நிற்பதைவிட மேல்.

கேள்வி: தேஜஸ் விமானங்கள் தினமும் எங்கள் தலைக்கு மேல் பறக்கின்றன. இப்படியொரு சோதனையை நம் சூலூரில் நடத்த முடியாதா?
வாசகர், சூலூர்

பதில்: நடத்தக் கூடாது. ரோஜர்ஸ் ஏரி காய்ந்து இறுகிய களிமண் தளம். எட்டிய தூரம் வரை வீடு கிடையாது. சூலூரைச் சுற்றிலும் விசைத்தறிக் கூடமும் தென்னந்தோப்பும் ஊருமாக இருக்கின்றன; காங்கேயம்பாளையத்துப் பக்கம் ஒரு பெரிய விமானத்தின் கட்டுப்பாடு அறுந்தால் அது எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தகைய பறத்தலில் தொடர்பு அறுந்தால் விமானத்தை எல்லை தாண்டவிடாமல் வீழ்த்த வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. நம் நாட்டில் ஆளில்லா விமானங்களைச் சோதிப்பதற்கென்றே கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளக்கெரேயில் தனித் தளம் இருக்கிறது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருப்பதால், இங்கே உதிரிபாகம் செய்யலாம், பறக்கவிடுவது அங்கே.

கேள்வி: பெரிய விமானத்தை ஆளில்லாமல் ஓட்டிய முதல் முயற்சி இதுதானா?
பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சேலம்

பதில்: இல்லை. 1944-லேயே அமெரிக்கர்கள் தேய்ந்துபோன குண்டுவீச்சு விமானங்களில் வெடிமருந்தை நிரப்பி, மேலேற்றிய விமானிகள் குதித்த பின் இன்னொரு விமானத்திலிருந்து வானொலி வழியே இயக்கி எதிரி இலக்குகள் மீது மோதவிட முயன்றார்கள். குதிக்கும் முன்பே வெடித்த ஒன்றில் இறந்தவர், பின்னாளில் அதிபரான கென்னடியின் அண்ணன் ஜோசப். 1946-இல் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது மேகத்துக்குள் புகுந்து மாதிரி எடுத்தவையும் ஆளில்லாத பி-17 விமானங்களே. மோதல் ஆய்வுக்கென்று பார்த்தால், 1964-இல் அரிசோனாவில் டி.சி.-7, கான்ஸ்டலேஷன் ஆகிய விமானங்களைத் தண்டவாளம் பிடித்து ஓடவிட்டுத் தடைகளில் மோதினார்கள், அவை பறக்கவில்லை.

கேள்வி: இப்போதும் இப்படி விமானங்களை உடைக்கிறார்களா?
வங்கி ஊழியர், மேட்டுப்பாளையம்

பதில்: உடைக்கிறார்கள், ஆனால் பறக்கவிடுவதில்லை. நாசா லாங்லியில், நிலவில் இறங்குவதற்கான பயிற்சிக்காக அப்போலோ காலத்தில் கட்டிய 240 அடி உயர இரும்புச் சட்டகம் இருக்கிறது. அதில் விமானத்தைக் கம்பிவடங்களில் தொங்கவிட்டு, வேண்டிய கோணத்தில் ஊசலாடவிட்டு, தரையைத் தொடும் முன் வடங்களை அறுத்துவிடுகிறார்கள். 2019 ஜூனில் ஃபோக்கர் எஃப்-28 பயணிகள் விமானத்தின் உடற்பகுதியை அப்படித்தான் பொம்மைகளோடு விழவிட்டார்கள். கோணமும் வேகமும் சொன்னபடி அமையும். கணினியில் போட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பெருந்துறை மாணவிக்குச் சொன்ன டச்சு ரோலுக்கு அங்கே இடமில்லை.